டொராண்டோவில் பழைய வீடு: வாங்கும்போதே விற்கும் நாளையும் நினைத்து

எங்கள் முதல் வீட்டை விற்கும்போது, வாங்க வந்தவர் வீட்டைச் சோதித்துப் பார்க்க ஒரு இன்ஸ்பெக்டரை அனுப்பினார். மனிதர் மூன்று மணி நேரம் இருந்தார். நான் 18,000 டாலர் போட்டுப் புதுப்பித்த சமையலறையில் அவர் நின்றது ஐந்து நிமிடம்கூட இருக்காது. குழாயைத் திறந்தார், சிங்க்குக்குக் கீழே டார்ச் அடித்தார், போய்விட்டார். மீதி நேரமெல்லாம் பேஸ்மென்ட்டிலும் கூரையிலும் பரணிலும்தான். பாத்ரூம் ஃபேனின் குழாய் வெளியே போகாமல் பரணுக்குள்ளேயே முடிந்து, கூரைப் பலகையெல்லாம் கறுப்பாகப் பூஞ்சை பிடித்திருந்ததை எனக்கே முதன்முதலில் காட்டியவர் அவர்தான். அந்த ஒரு புகைப்படத்துக்காக விலையில் நான் இறங்கிவந்த தொகை, சமையலறைச் செலவில் பாதி.

அன்றைக்குப் புரிந்ததைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன். டொராண்டோவிலோ மார்க்கம், பிராம்ப்டன், ஏஜாக்ஸ் பக்கமோ முதல் வீடு தேடுகிறவர்களுக்கு இது உதவும். நீங்கள் செய்யும் ஒவ்வொரு வேலையையும் பத்து வருடம் கழித்து டார்ச்சோடு வரப்போகும் அந்த இன்ஸ்பெக்டர் பார்ப்பார் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

படி 1: முன்பணத்தோடு கணக்கு முடிவதில்லை

கனடாவில் வீட்டு விலையில் முதல் 5 லட்சம் டாலருக்கு 5 சதவீதம், அதற்கு மேல் 15 லட்சம் வரையிலான பகுதிக்கு 10 சதவீதம் முன்பணம் இருந்தால் வங்கி பேசும். 9 லட்சம் டாலர் வீட்டுக்கு 25,000 கூட்டல் 40,000, ஆக 65,000. இதைக் கேட்டதும் பலர் கிளம்பிவிடுகிறார்கள். கொஞ்சம் பொறுங்கள்.

முன்பணம் 20 சதவீதத்துக்குக் குறைந்தால் கடனுக்குக் காப்பீடு எடுத்தாக வேண்டும். இந்தக் கணக்கில் 8,35,000 டாலர் கடன் மீது 4 சதவீதம், அதாவது 33,400 டாலர். அதைக் கடனோடு சேர்த்துவிடலாம். ஆனால் அந்தக் காப்பீட்டுத் தொகை மீது ஒன்டாரியோ போடும் 8 சதவீத வரியை, 2,672 டாலரை, சாவி வாங்கும்போது கையிலிருந்து கட்ட வேண்டும்.

அடுத்தது நிலமாற்ற வரி, அதாவது வீடு உங்கள் பெயருக்கு மாறும்போது கட்டுவது. 9 லட்சம் டாலர் வீட்டுக்கு மாகாணத்துக்கு 14,475 டாலர். வீடு டொராண்டோ நகர எல்லைக்குள் இருந்தால் நகராட்சிக்கும் தனியாக அதே அளவு. ஸ்டீல்ஸ் அவென்யூவுக்குத் தெற்கே டொராண்டோவுக்குள் வரும் ஸ்கார்பரோ, வடக்கே மார்க்கம். ஒரு தெருவைத் தாண்டினால் பதினாலாயிரம் டாலர் வித்தியாசம். முதல் வீடு வாங்குபவருக்கு மாகாணம் 4,000 வரையும் டொராண்டோ 4,475 வரையும் கழித்துத் தரும். இதில் நம்மவர்கள் வழுக்கும் இடம் ஒன்று உண்டு: 'முதல் வீடு' என்பது கனடாவில் முதல் வீடு அல்ல, உலகத்தில் எங்குமே முதல் வீடு. ஊரில் அப்பா காலத்துக்குப் பின் உங்கள் பெயருக்கு வந்த வீட்டில் ஒரு பங்கு இருந்தாலும் அது கணக்கில் வரும். வக்கீலிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

நிரந்தர வசிப்புரிமை (பி.ஆர்.) இன்னும் வராதவர்களுக்கு வேறு கதை. வெளிநாட்டினர் வீடு வாங்கத் தடை 2027 ஜனவரி 1 வரை இருக்கிறது. வேலை அனுமதியில் இன்னும் 183 நாளாவது மிச்சம் இருந்தால் ஒரு வீடு வாங்கலாம் என்று விலக்கு உண்டு. ஆனால் விலக்கு தடைக்கு மட்டும்தான், வரிக்கு இல்லை. ஒன்டாரியோவின் 25 சதவீத வெளிநாட்டினர் வரியும், டொராண்டோவுக்குள் 2025 முதல் இன்னொரு 10 சதவீதமும் தலையில் விழும். நான்கு வருடத்துக்குள் பி.ஆர். வந்தால் மாகாண வரியைத் திரும்பக் கேட்க வழி உண்டு. என்னைக் கேட்டால் பி.ஆர். வரும்வரை வாடகை வீடே நல்லது.

ஒரு நல்ல செய்தி: யாராவது குடியிருந்த பழைய வீட்டுக்கு எச்.எஸ்.டி. என்ற விற்பனை வரி கிடையாது. கட்டுநரிடம் புதிதாக வாங்கினால் அந்த 13 சதவீதத்தைப் பற்றிப் பேசியாக வேண்டும். அந்த நிம்மதியில் மிஞ்சுவதில் வீட்டு விலையின் 2 சதவீதத்தையாவது தனியாக ஒதுக்கி வையுங்கள். பழைய வீடு முதல் வருடத்திலேயே எதையாவது கேட்கும்.

படி 2: வீட்டின் வயதைக் கேட்டால் அதன் நோய் தெரியும்

புகைப்படங்களைப் பார்ப்பதற்கு முன் கட்டிய வருடத்தைப் பாருங்கள். இந்தப் பக்கத்து வீடுகளைப் பெரும்பாலும் மூன்று தலைமுறையாகப் பிரிக்கலாம்.

ஸ்கார்பரோவில் 1950-களிலும் 60-களின் தொடக்கத்திலும் கட்டிய, மாடியில்லாத செங்கல் பங்களாக்கள் முதல் வகை. எனக்குப் பிடித்தவையும் இவைதான். அகலமான மனை, உறுதியான சுவர், பக்கவாட்டில் தனிக் கதவு. ஆனால் நிலத்துக்கடியில் கழிவுநீர்க் குழாய் சுட்ட மண்ணால் ஆனது. முன்னால் நிற்கும் அழகான மேப்பிள் மரம் அதன் இணைப்புகளுக்குள் வேர்விட்டுக் கொண்டிருக்கும். குழாய்க்குள் கேமரா விட்டுப் பார்க்கச் சில நூறு டாலர் ஆகும். பார்க்காமல் விட்டால் முற்றத்தைத் தோண்ட ஆயிரக்கணக்கில் ஆகும். பேஸ்மென்ட் தரையில் ஒன்பது அங்குலச் சதுர ஓடுகள் தெரிந்தால் அதில் ஆஸ்பெஸ்டாஸ் (மூச்சில் போனால் நுரையீரலைக் கெடுக்கும் இழை) இருக்கலாம். பரணில் வறுத்த பொரியைக் கொட்டியதுபோல் சாம்பல் பழுப்பில் மினுமினுக்கும் துகள் இருந்தால் அது வெப்பக் காப்புக்காகக் கொட்டிய வெர்மிகுலைட். அதிலும் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருக்க வாய்ப்பு அதிகம். தொடாமல் விட்டால் ஆபத்து குறைவு. கிளறினால்தான் வினை. மின்சாரப் பெட்டி இன்னும் 60 ஆம்பியர் என்றால் காப்பீட்டு நிறுவனம் முகம் சுளிக்கும். இதைவிடப் பழைய வீடுகளில் பீங்கான் குமிழ்களில் கம்பி ஓடும் வயரிங் இருந்தால் பல நிறுவனங்கள் காப்பீடே தராது. காப்பீடு இல்லாவிட்டால் வங்கி கடனும் தராது.

அடுத்தது 1960-களின் நடுவிலிருந்து 70-களின் கடைசி வரை கட்டியவை. செம்பு விலையேறிய காலம் என்பதால் அலுமினிய வயர் போட்டார்கள். வயர் அப்படியே இருக்கும், கெடுவது இணைப்புதான். அலுமினியம் சூட்டில் செம்பைவிட அதிகமாக விரிந்து சுருங்கும், திருகு தளரும், அந்த இடம் சுடும். வீடு முழுக்க வயரை மாற்ற வேண்டியதில்லை. உரிமம் பெற்ற மின் ஒப்பந்தக்காரர் ஒவ்வொரு இணைப்பிலும் செம்புத் துண்டு சேர்த்துக் கட்டி, மின் பாதுகாப்பு ஆணையமான ஈ.எஸ்.ஏ.வின் சான்றிதழ் வாங்கித் தந்தால் போதும். அந்தச் சான்றிதழை ஒருநாள் விற்கும்போது கேட்பார்கள். இப்போது வாங்கும்போது நீங்கள் கேளுங்கள்.

மூன்றாவது, 1990-களின் நடுவிலிருந்து 2007 வரை பிராம்ப்டன், மார்க்கம், ஏஜாக்ஸில் கிளம்பிய புறநகர் வீடுகள். பார்க்கப் புதுசு மாதிரிதான் இருக்கும். வெந்நீர்த் தொட்டிக்கு மேலே ஆரஞ்சும் நீலமுமாகக் குழாய் ஓடுகிறதா என்று பாருங்கள். அது கிடெக் என்ற பிளாஸ்டிக் வகைக் குழாயாக இருக்கலாம். அதன் பித்தளை இணைப்புகள் அரித்து, குழாய் வெடித்து, வட அமெரிக்கா முழுக்க வழக்கு நடந்த சமாச்சாரம். இந்த வீடுகளுக்கு இன்னொரு விஷயமும் உண்டு: தெரு முழுக்க ஒரே வருடம் கட்டியதால் எல்லார் வீட்டுக் கூரையும் ஜன்னலும் ஒரே காலத்தில் தேய்கின்றன. தார்த் தகட்டுக் கூரை சுமார் இருபது வருடம், வெப்ப உலை பதினைந்திலிருந்து இருபது. பக்கத்து வீடுகள் நான்கில் புதுக் கூரை இருந்து, நீங்கள் பார்க்கும் வீட்டில் இல்லையென்றால் அந்தச் செலவு உங்களுக்கு.

படி 3: பார்க்கப் போகும்போது

மேலே ஏறும் முன் பேஸ்மென்ட்டுக்கு இறங்குங்கள். சுவரின் அடிப்பகுதிக்கு மட்டும் புதுப் பெயின்ட், காங்கிரீட்டில் உப்புப் பூத்ததுபோல் வெள்ளைப் பொடி, ஈரம் உறிஞ்சும் இயந்திரம் ஓடும் சத்தம், தேவைக்கு அதிகமாக ஊதுபத்தி வாசனை. இதில் ஏதாவது ஒன்று இருந்தால் தண்ணீர் வந்திருக்கிறதா என்று நேரடியாகக் கேளுங்கள். 2013 ஜூலை 8-இலும் 2024 ஜூலை 16-இலும் டொராண்டோவில் கொட்டித் தீர்த்த மழை நினைவிருக்கலாம். 'அந்த இரண்டு நாளும் இந்த வீட்டில் என்ன நடந்தது?' என்று தேதி சொல்லிக் கேட்டால் பதில் மழுப்பலாக வருவது குறையும்.

முடிந்தால் மழை பெய்யும்போது ஒருமுறை வெளியே நின்று பாருங்கள். குளிர்காலத்தில் வாங்குகிறவர்களுக்குக் கூரை பனியில் மறைந்திருக்கும், ஏசியைப் போட்டுப் பார்க்கவும் முடியாது. சாவி கைமாறும் நாளில் அவை நல்ல நிலையில் இயங்கும் என்ற வாசகத்தை ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள்.

விளம்பரத்தில் இன்னொரு வரியைத் தேடுங்கள். பேஸ்மென்ட்டில் சமையலறை, குளியலறை, தனி வாசல் என்று பெருமையாக அடுக்கிவிட்டு, கடைசியில் 'பேஸ்மென்ட்டின் சட்டத் தகுதிக்கு விற்பவர் பொறுப்பல்ல' என்று சின்னதாக எழுதியிருப்பார்கள். அதாவது அனுமதி வாங்காமல் கட்டியது. வாங்கக் கூடாது என்பதில்லை. ஆனால் அதை வெறும் பேஸ்மென்ட்டாக மதிப்பிட்டு விலை சொல்லுங்கள், வாடகை வரும் வீடாக அல்ல.

படி 4: விலை கேட்பதும் கையெழுத்தும்

ஏஜென்ட் நம் ஊர்க்காரராக இருப்பது வசதிதான், பேச்சு எளிதாக இருக்கும். ஆனால் இன்ஸ்பெக்டரை அவர் கையால் எடுத்துக் கொடுக்க விடாதீர்கள், நீங்களே தேடுங்கள். 2023 டிசம்பரில் வந்த புது விதிகளின்படி ஏஜென்ட் முதலில் உங்களுக்கு ஒழுங்குமுறை அமைப்பின் தகவல் கையேட்டைத் தர வேண்டும். அதைப் படிக்காமல் கையெழுத்துப் போடுகிறவர்கள்தான் அதிகம். ஒரே ஏஜென்ட் விற்பவருக்கும் உங்களுக்கும் சேர்த்து நிற்கலாமா என்ற பகுதியையாவது படியுங்கள்.

ஆய்வும் கடன் ஒப்புதலும் நிபந்தனையாக இருக்கட்டும். போட்டி கடுமையாக இருந்து நிபந்தனை போட முடியாவிட்டால், விலை சொல்லும் முன்பே இன்ஸ்பெக்டரை அழைத்துப் போங்கள். ஐந்நூறு அறுநூறு டாலர் வீணாகலாம். வாங்க ஒப்புக்கொண்டதும் கட்டும் முன்வைப்புத் தொகை ஐம்பதாயிரம் வீணாவதைவிட அது மேல். நிபந்தனையை விலக்குவதற்கு முன் காப்பீட்டு முகவரிடம் வீட்டு முகவரியும் கட்டிய வருடமும் சொல்லி விலை வாங்கிவிடுங்கள். கழிவுநீர் பின்னோக்கி வருவதற்கான காப்பீடு தனியாகச் சேர்ப்பது, கேட்காவிட்டால் இருக்காது.

வெந்நீர்த் தொட்டி சொந்தமா வாடகையா? ஒன்டாரியோவுக்கு வந்த புதிதில் இந்தக் கேள்வியே எனக்கு வேடிக்கையாக இருந்தது. இங்கே தொட்டி, உலை, ஏசி என்று எதையும் மாத வாடகைக்கு மாட்டிவிட்டுப் போவார்கள். வீட்டுப் பத்திரத்தின் மீதே அந்தக் கடனைப் பதிவு செய்யும் வழக்கத்தை மாகாணம் 2024-இல் தடை செய்துவிட்டது, ஆனாலும் ஒப்பந்தம் ஒப்பந்தம்தான். நகலைக் கேட்டு வாங்கி, அதை முடித்துக்கொள்ள எவ்வளவு என்பதை விலைப் பேச்சில் சேருங்கள்.

படி 5: முதல் வருடம் கையைக் கட்டிக்கொண்டு இருங்கள்

பால் காய்ச்சிக் குடிபோன வாரமே சமையலறையை இடிக்க ஆசை வரும். (ஹோமம் வளர்ப்பதாக இருந்தால் புகை எச்சரிக்கை மணி அலறும், அய்யரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். வாரக்கணக்கில் கழற்றி வைத்துவிடாதீர்கள்.) ஒரு குளிர்காலத்தையும் பனி உருகும் ஒரு வசந்தத்தையும் அந்த வீட்டில் கழித்த பிறகுதான் அது எங்கே அழுகிறது என்று தெரியும்.

அதுவரை செய்ய வேண்டியது தண்ணீர் வேலை மட்டும். கூரையோர மழைநீர்க் காலில் அடைத்திருக்கும் இலையை அகற்றுங்கள். அதிலிருந்து இறங்கும் குழாயின் வாயை வீட்டைவிட்டு ஆறடியாவது தள்ளி நீட்டுங்கள். சுவரோரம் மண் உள்பக்கம் சரிந்திருந்தால் களிமண் போட்டு வெளிப்பக்கம் சாய்த்துவிடுங்கள். இதற்கெல்லாம் சேர்த்துச் சில நூறு டாலர்தான். பேஸ்மென்ட் ஈரம் பாதிக்கு மேல் இதிலேயே அடங்குவதை நான் பார்த்திருக்கிறேன். அடுத்து, கழிவுநீர் திரும்பி வராமல் தடுக்கும் வால்வு. டொராண்டோ நகராட்சி இதற்கு மானியம் தருகிறது; வேலை தொடங்குமுன் விதிகளைப் படித்துவிடுங்கள்.

அப்புறம் பரண். என் கதைதான் தெரியுமே. பாத்ரூம் ஃபேன் குழாய் கூரையைத் தாண்டி வெளியே போகிறதா, கூரையோரக் காற்றுத் துளைகளைப் பஞ்சு அடைத்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு, வெப்பக் காப்புப் பஞ்சைக் கூட்டுங்கள்.

படி 6: நம் சமையலும் அடுத்தவர் மூக்கும்

இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும். தாளிப்பு வாசனை நமக்கு வீடு, வாங்க வருகிறவருக்கு அது விலையைக் குறைக்க ஒரு காரணம். கருவாடு பொரித்த வீட்டுக்குள் நுழைந்து, இரண்டு நிமிடத்தில் காருக்குத் திரும்பியவர்களை நானே பார்த்திருக்கிறேன். அவர்களில் தமிழர்களும் உண்டு.

பல வீடுகளில் அடுப்புக்கு மேலே இருப்பது மைக்ரோவேவோடு சேர்ந்த விசிறி. அது புகையை ஒரு கரி வடிகட்டிக்குள் இழுத்து, மறுபடி நம் முகத்திலேயே விடுகிறது. சமையலறையில் முதல் செலவு அதை எடுத்துவிட்டு, வெளிச்சுவர் வழியாகப் புகை போகும் நல்ல உறிஞ்சியைப் போடுவதுதான். குழாய் அகலமாகவும் வளைவில்லாமலும் இருக்கட்டும். ரொம்பப் பெரிய விசிறியாகப் போட்டால் வேறு ஆபத்து: மூடிய வீட்டிலிருந்து அது அவ்வளவு காற்றை இழுக்கும்போது, புகைபோக்கியில் போக வேண்டிய, எரிவாயுவில் எரியும் வெந்நீர்த் தொட்டியின் புகை உள்ளே திரும்பும். போடுபவரிடம் வெளிக்காற்று உள்ளே வர வழி உண்டா என்று கேளுங்கள். கம்பளத்தை எடுத்துவிட்டு மரத்தரை போடுவதும் வாசனைக்காகவே லாபம்.

அலமாரியும் கிரானைட்டும் உங்கள் விருப்பம். தெருவில் இருக்கும் மற்ற வீடுகளின் தரத்துக்கு ஒரு படி மேலே போகலாம், மூன்று படி போனால் அந்தப் பணம் திரும்பாது.

படி 7: பேஸ்மென்ட்

இங்கேதான் பெரிய பணமும் இருக்கிறது, பெரிய தவறும் இருக்கிறது. 2022-இல் வந்த மாகாணச் சட்டத்துக்குப் பிறகு, நகராட்சிக் குடிநீரும் கழிவுநீரும் உள்ள பெரும்பாலான குடியிருப்பு மனைகளில் மூன்று குடியிருப்புகள் வரை வைத்துக்கொள்ள உரிமை உண்டு. உரிமை இருப்பதால் அனுமதி வேண்டாம் என்று அர்த்தமில்லை. கட்டட அனுமதி, குடியிருப்புகளுக்கிடையே தீத்தடுப்புச் சுவரும் கூரையும், ஒன்றோடொன்று இணைந்த புகை மணி, படுக்கையறையிலிருந்து ஒருவர் ஏறி வெளியேறும் அளவுக்கு ஜன்னல், பழைய வீடானால் 1.95 மீட்டர் கூரை உயரம், ஏறக்குறைய ஆறடி ஐந்தங்குலம். பிராம்ப்டனில் நகராட்சியில் பதிவும் செய்ய வேண்டும்.

'அனுமதி கேட்டால் வரி ஏறும்' என்று யாராவது சொல்வார்கள். உண்மைதான், கொஞ்சம் ஏறலாம். ஆனால் அனுமதியோடு கட்டிய குடியிருப்பின் வாடகையை அடுத்து வாங்குபவரின் வங்கி வருமானமாகக் கணக்கில் எடுக்கும். திருட்டுத்தனமாகக் கட்டியதற்குப் பல வங்கிகளில் அந்தப் பேச்சே இல்லை. தீ விபத்து என்று வந்துவிட்டால், அதை எழுதவே மனம் வரவில்லை.

படி 8: செய்யாமல் விட வேண்டியவை

வீட்டில் ஒரு குளியல் தொட்டியாவது இருக்கட்டும். நமக்கு அது உபயோகமில்லை, கைக்குழந்தையோடு வருகிறவர்கள் அதைத்தான் தேடுவார்கள். மூன்று படுக்கையறையை இரண்டாக்காதீர்கள். பூஜை அறை வேண்டுமென்றால் அலமாரிக்குள் அமைத்து, கதவையும் வைத்திருங்கள், பிறகு அது மறுபடி அலமாரியாகிவிடும். கேரேஜை அறையாக்குவதும், முன்தோட்டம் முழுக்கக் காங்கிரீட் போட்டு நான்கு கார் நிறுத்துவதும் வேண்டாம். எத்தனை அகலம் வரை போடலாம் என்று நகராட்சி விதி இருக்கிறது. வாசல் தூணில் சிங்கம் வைப்பது பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை.

வாஸ்து பார்ப்பவர்கள் மார்க்கம் பக்கம் தனியாக இல்லை. வாசலுக்கு நேரே மாடிப்படி இருந்தால் நம்மைப் போலவே சீனக் குடும்பங்களும் தயங்குவார்கள். 4 என்ற எண்ணையும் அவர்கள் தவிர்ப்பார்கள். அருகே ரிச்மண்ட் ஹில் நகராட்சி 2013-இல் புது வீடுகளுக்கு அந்த எண்ணே வேண்டாம் என்று முடிவெடுத்தது. நீங்கள் நம்புகிறீர்களா என்பது வேறு. விற்கும்போது யார் வருவார் என்பதுதான் கணக்கு.

படி 9: வேலைக்காரரும் காகிதமும்

ரசீது இல்லாமல் ரொக்கம் கொடுத்தால் 13 சதவீதம் மிச்சம் என்பார்கள். அந்த மிச்சத்தில் உத்தரவாதமும் போகிறது, ஆதாரமும் போகிறது, வேலையாள் ஏணியிலிருந்து விழுந்தால் பொறுப்பும் உங்கள் மேல் வருகிறது. எழுத்தில் ஒப்பந்தம் போடுங்கள். ஒன்டாரியோவின் கட்டுமானச் சட்டப்படி ஒவ்வொரு தொகையிலும் 10 சதவீதத்தைப் பிடித்து வைக்க வேண்டும். வேலை முடிந்தபின் 60 நாள் போகட்டும், அதற்குள் துணை ஒப்பந்தக்காரர் யாராவது பணம் வரவில்லை என்று உங்கள் வீட்டின் மீது உரிமை கோருகிறாரா என்று பார்த்துவிட்டுக் கொடுங்கள்.

சுவர்ப்பலகை மூடுவதற்கு முந்தின நாள் மாலை, கையில் போனோடு வீட்டைச் சுற்றி வாருங்கள். ஒவ்வொரு சுவரையும், குழாய் ஓடும் இடத்தையும், வயர் பெட்டியையும், அளவுநாடாவை வைத்துப் படம் எடுங்கள். அனுமதி எண், முடிவுச் சான்றிதழ், ஈ.எஸ்.ஏ. தாள், கூரை உத்தரவாதம், எல்லாம் ஒரே கோப்பில்.

வீட்டை விற்ற வருடம் வருமான வரிக் கணக்கில் அந்த விற்பனையைக் காட்ட வேண்டும். நீங்கள் குடியிருந்த வீடு என்றால் பொதுவாக லாபத்துக்கு வரி இருக்காது. வாங்கி 365 நாளுக்குள் விற்றால், வேலை மாற்றம், விவாகரத்து போன்ற காரணங்கள் இல்லாதவரை, அது வியாபார வருமானமாகிவிடும். பேஸ்மென்ட்டை வாடகைக்கு விட்டிருந்தால் தேய்மானம் கழிப்பதற்கு முன் கணக்காளரைக் கேளுங்கள், அந்தச் சின்னக் கழிவு பெரிய விலக்கைக் கெடுத்துவிடும்.

எங்கள் இரண்டாவது வீட்டை விற்றபோது அந்தக் கோப்பை மேசைமேல் வைத்துவிட்டு வெளியே போய்விட்டேன். திரும்பி வந்தபோது இன்ஸ்பெக்டர் இறங்கிக்கொண்டிருந்தார். பரணில் என்ன என்று கேட்டேன். 'குழாய் வெளியேதான் போகிறது' என்றார்.